கவிழ்ந்தாலும் நிமிரும் படகு

2018 செப்டம்பர் 23. மொரிஷியஸிலிருந்து கிளம்பிய இந்தியக் கடற்படை விமானம் ஒன்று தெற்கு இந்தியப் பெருங்கடலின் மேல் பறந்துகொண்டிருந்தது. பி-8ஐ வகை விமானம். அந்த வகை விமானங்களின் தாய்வீடு நம் அரக்கோணத்தில் இருக்கும் ஐ.என்.எஸ். ராஜாளி தளம். கீழே கண்ணுக்கெட்டிய தூரம் வரை நுரை. அதன் நடுவே ஒரு சின்னப் படகு. பாய்மரம் முறிந்து, கயிறுகளோடு பக்கவாட்டில் தண்ணீரில் கிடந்தது. ஆனாலும் படகு நிமிர்ந்து மிதந்துகொண்டிருந்தது.

உள்ளே படுக்கையில் அசைய முடியாமல் கிடந்தவர் கமாண்டர் அபிலாஷ் டோமி. கேரளக்காரர், கடற்படை விமானி. 2012 நவம்பரில் மும்பையிலிருந்து 'மாதேய்' என்ற பாய்மரப் படகில் தனி ஆளாகப் புறப்பட்டு, எந்தத் துறைமுகத்திலும் நிற்காமல் உலகைச் சுற்றி 2013-ல் திரும்பியவர். அப்படிச் சுற்றிய முதல் இந்தியர் அவர்தான். 2018-ல் அவர் கலந்துகொண்டது கோல்டன் குளோப் பந்தயம். ஜூலை 1 அன்று பிரான்ஸின் லே சாப்லே தொலோனில் தொடங்கியது. அதன் விதி வேடிக்கையானது: 1968-ல் என்ன கருவிகள் இருந்தனவோ அவை மட்டும்தான். ஜி.பி.எஸ். கிடையாது. சூரியனையும் நட்சத்திரங்களையும் கோணமானியால் அளந்து, காகிதத்தில் கணக்குப் போட்டு, தான் இருக்கும் இடத்தைக் கண்டுகொள்ள வேண்டும். டோமியின் படகு 'தூரியா' கோவாவில் கட்டப்பட்டது. நீளம் 32 அடி, பத்து மீட்டருக்கும் கொஞ்சம் குறைவு. ஒரு ஷேர் ஆட்டோவின் பின்னால் இன்னொன்றாக நான்கை நிறுத்தினால் அந்தப் படகின் நீளத்தைத் தாண்டிவிடும்.

செப்டம்பர் 21 அன்று அவர் மூன்றாவது இடத்தில் இருந்தார். அன்று வந்த புயலில் காற்று மணிக்கு 130 கிலோமீட்டர், அலை 14 மீட்டர். படகு கவிழ்ந்து எழுந்தது, பாய்மரம் ஒடிந்தது, உயரத்திலிருந்து விழுந்ததில் டோமியின் முதுகெலும்பு நொறுங்கியது. நடக்க முடியவில்லை, கால்விரல் அசைகிறது, சாப்பிடவோ குடிக்கவோ முடியவில்லை என்று துண்டு துண்டாகச் செய்தி அனுப்பினார். ஆஸ்திரேலியாவின் பெர்த் நகரத்திலிருந்து சுமார் 3,500 கிலோமீட்டர் தள்ளி நடந்தது இது. 24-ஆம் தேதி 'ஓசிரிஸ்' என்ற பிரெஞ்சு மீன்வளக் காவல் கப்பல் அவரை மீட்டு ஆம்ஸ்டர்டாம் தீவுக்குக் கொண்டுபோனது. அங்கிருந்து ஐ.என்.எஸ். சத்புரா போர்க்கப்பல் விசாகப்பட்டினத்துக்கு அழைத்து வந்தது.

அந்தத் தீவு எங்கே இருக்கிறது என்று உலகப்படத்தில் பாருங்கள். மாமல்லபுரத்திலிருந்து தெற்கே கோடு இழுத்தால் இலங்கையைக் கடந்து, நிலநடுக்கோட்டைக் கடந்து, 5,600 கிலோமீட்டர் போனபின் அதன் பக்கத்தில்தான் கோடு வந்து நிற்கும். இடையில் இலங்கையைத் தவிர நிலம் என்று சொல்லத்தக்க எதுவும் இல்லை.

செய்தித்தாள்கள் அன்று மீட்பைப் பற்றி எழுதின, வீரத்தைப் பற்றி எழுதின. இரண்டும் உண்மைதான். எனக்கு அதைவிட வியப்பாகப் பட்டது வேறு. பத்து மீட்டர் படகு, பதினாலு மீட்டர் அலை, தலைகீழாகக் கவிழ்ந்தது, ஆனால் மூழ்கவில்லை. இது அதிர்ஷ்டம் அல்ல. இதற்கு ஒரு கணக்கு இருக்கிறது.

முதலில் அலை.

கோடைக்காலத்தில் செங்கல்பட்டுக்கு அருகே படாளத்தில் இருப்பவர்களுக்குக் கடல்காற்று தெரியும். பகலெல்லாம் ஜி.எஸ்.டி. சாலையின் தார் கொதித்துக் கிடக்க, மாலையில் கிழக்கிலிருந்து ஒரு குளிர்ச்சி மெல்ல வந்து சேரும். முப்பது கிலோமீட்டர் சொச்சம் உள்ளே நடந்து வந்த கடல் அது. அதே காற்று மதியம் மாமல்லபுரத்துக் கடலில் சிறுசிறு அலைகளைக் கிளப்பியிருக்கும். ஆனால் அந்த அலைகள் வளர்வதில்லை. அலை வளர மூன்று வேண்டும்: காற்றின் வேகம், காற்று விடாமல் வீசும் நேரம், தடையில்லாமல் அது ஓடும் தூரம். கடல்காற்றுக்கு முதலாவது சுமார், இரண்டாவது சில மணி நேரம், மூன்றாவது சில பத்துக் கிலோமீட்டர். அவ்வளவுதான்.

தெற்குப் பெருங்கடலில் மூன்றுமே அளவில்லாதவை. தென் அட்சரேகை 40-க்குக் கீழே மேற்குக் காற்று பூமியைச் சுற்றிச் சுற்றி வருகிறது. குறுக்கே நிற்கத் தென் அமெரிக்காவின் வால் நுனியும் டாஸ்மேனியாவும் நியூசிலாந்தும்தான். ஒரு புயல் போனால் அடுத்தது வரிசையில் நிற்கும். 2018 மே 8 அன்று நியூசிலாந்துக்குத் தெற்கே காம்பெல் தீவருகே ஒரு மிதவைக் கருவி 23.8 மீட்டர் உயர அலை ஒன்றைப் பதிவு செய்தது. எட்டு மாடிக் கட்டடம்.

கணக்கு இன்னும் ஒன்று. காற்றின் வேகம் இரண்டு மடங்கானால் அதன் அழுத்தம் நான்கு மடங்காகும். மணிக்கு 20 கிலோமீட்டர் கடல்காற்றையும் டோமி சந்தித்த 130 கிலோமீட்டர் காற்றையும் ஒப்பிட்டால் வேகம் ஆறரை மடங்கு, விசை நாற்பது மடங்குக்கும் மேல். அலையின் ஆற்றலும் இதே வழியில்தான் ஏறும்: உயரம் ஏழு மடங்கானால் ஆற்றல் 49 மடங்கு.

இவ்வளவு சொன்னபின் ஒன்றைச் சொல்ல வேண்டும்: உயரமான அலை தன்னளவில் ஆபத்தானது அல்ல.

ஓர் அலையின் முகடு கடந்து 12 விநாடி கழித்து அடுத்த முகடு வருகிறது என்று வைத்துக்கொள்வோம். ஆழ்கடலில் அப்படிப்பட்ட இரண்டு முகடுகளுக்கு இடையே சுமார் 225 மீட்டர் இருக்கும். அதில் 14 மீட்டர் உயரம் என்றால் அது ஒரு சரிவான மேடு. பத்து மீட்டர் படகு அதில் ஏறி இறங்கிவிடும். வயிறு கலங்கும், வேறொன்றும் ஆகாது. மாறாக 6 விநாடி அலை என்றால் முகடுகளுக்கு இடையே 56 மீட்டர்தான். அங்கே எட்டு மீட்டர் உயரமே செங்குத்துச் சுவர்போல நிற்கும். அலையின் உயரம் அதன் நீளத்தில் ஏழில் ஒரு பங்கை நெருங்கினால் அதனால் நிற்க முடியாது. முகடு சரிந்து உடைகிறது. உடையாத அலையில் தண்ணீர் இடத்தைவிட்டு அதிகம் நகர்வதில்லை, வட்டமிட்டுவிட்டு இருந்த இடத்துக்கே திரும்புகிறது. உடையும் அலையில் டன் கணக்கான தண்ணீர் அலையின் வேகத்திலேயே பாய்கிறது. 12 விநாடி அலைக்கு அது மணிக்கு 67 கிலோமீட்டர். ஒரு கன மீட்டர் கடல்நீர் ஆயிரம் கிலோவுக்கு மேல் எடை. படகை அடிப்பது இதுதான்.

புயலில் இது எப்போது நேரும்? பெரும்பாலும் காற்று திசை மாறும்போது. தென் அரைக்கோளத்தில் புயல் நெருங்கும்போது வடமேற்கிலிருந்து வீசும் காற்று, புயலின் முகப்பு கடந்ததும் சட்டென்று தென்மேற்குக்குத் திரும்பும். பழைய அலை ஒரு பக்கமிருந்து வந்துகொண்டே இருக்கும், புதிய அலை குறுக்கே ஏறும். இரண்டு முகடுகள் ஒன்றின்மேல் ஒன்று விழும் இடத்தில் கோபுரம்போல ஒரு நீர்க்குவியல் எழும்பி உடையும். மாலுமி எந்தப் பக்கம் படகைத் திருப்பி வைத்திருந்தாலும் அடி இன்னொரு பக்கத்திலிருந்து வரும்.

1979 ஆகஸ்டில் இங்கிலாந்து–அயர்லாந்துக் கடலில் ஃபாஸ்ட்நெட் பந்தயத்தில் 303 படகுகள் போயின. புயல் பிடித்தது. பந்தயக்காரர்களில் 15 பேர் இறந்தார்கள். அதற்குப் பிறகு சவுத்தாம்ப்டன் பல்கலைக்கழகத்தில் மாதிரிப் படகுகளைத் தொட்டியில் விட்டு ஆராய்ந்தார்கள். கண்டது இது: படகு பக்கவாட்டில் நிற்கும்போது, அதன் நீளத்தில் 30 விழுக்காடு உயரமுள்ள ஓர் உடையும் அலை போதும், அதைக் கவிழ்த்துவிடும். 60 விழுக்காடு என்றால் முழுச் சுற்று உருட்டிவிடும். பத்து மீட்டர் படகுக்கு மூன்று மீட்டர் உடையும் அலை எமன். உடையாத பத்து மீட்டர் அலை வெறும் மேடு.

அதே ஃபாஸ்ட்நெட்டில் இன்னொரு கணக்கும் உண்டு. பயந்துபோன மாலுமிகள் 24 படகுகளைக் கைவிட்டு மிதவைகளிலும் மீட்புக்குழுவிடமும் தஞ்சமடைந்தார்கள். புயல் ஓய்ந்தபின் தேடினால் அவற்றில் ஐந்துதான் மூழ்கியிருந்தன. பத்தொன்பது படகுகள் ஆளில்லாமல் மிதந்துகொண்டிருந்தன. அந்தப் படகுகள் அவர்களைவிடத் திடமாக இருந்தன என்றுதான் சொல்ல வேண்டும்.

இந்தத் திடத்துக்குக் காரணம் படகின் அடியில் இருக்கிறது. படகு கட்டும் ஆசாரிமார் ஏரா என்று சொல்லும் அடிக்கட்டையை இந்த நெடும்பயணப் படகுகளில் தண்ணீருக்குள் ஆழமாக இறக்கி, அதில் ஈயத்தையோ இரும்பையோ கட்டியிருப்பார்கள். படகின் மொத்த எடையில் மூன்றில் ஒரு பங்கு, சிலவற்றில் அதற்கும் மேல், இந்தக் கனம்தான். தஞ்சாவூர்த் தலையாட்டிப் பொம்மையை எப்படித் தள்ளினாலும் எழுந்து உட்காரும் அல்லவா, அதே இயற்பியல். படகு சாயச் சாய, கீழே தொங்கும் கனம் நெம்புகோலாகி அதை மறுபக்கம் இழுக்கிறது. 90 பாகை சாய்ந்து பாய்மரம் தண்ணீரைத் தொட்டாலும் நிமிரும். 120, 130 பாகை வரைகூட நல்ல படகுகள் தாமாகத் திரும்பிவிடும். அதைத் தாண்டினால் தலைகீழாக நிற்கும். ஆனால் அந்த நிலை உறுதியில்லாதது. அடுத்த அலை ஒன்று இடித்தால் போதும், கனமான ஏரா மேலே இருக்கப் பிடிக்காமல் மறுபக்கமாகச் சுற்றி வந்துவிடும்.

ஒரு நிபந்தனை: உள்ளே தண்ணீர் புகக்கூடாது. கதவும் சன்னலும் உடைந்து தண்ணீர் ஏறினால், அந்தத் தண்ணீர் தாழ்ந்த பக்கமாக ஓடி, ஏரா செய்கிற வேலையைக் கெடுத்துவிடும். இரட்டை உடல் கொண்ட உல்லாசப் பாய்மரப் படகுகளுக்கு வேறு சிக்கல். அகலமாக இருப்பதால் அவை எளிதில் கவிழாது. கவிழ்ந்துவிட்டாலோ தலைகீழாகவும் அதே உறுதியோடு நிற்கும், திரும்பவே திரும்பாது.

படகு தப்பிவிடும் என்றால் மனிதனுக்கு என்ன வேலை? உருளாமல் பார்த்துக்கொள்வதுதான். உருண்டால் படகு நிமிரும். பாய்மரமும் முதுகெலும்பும் நிமிராது. புயலில் என்ன செய்வது என்பதில் மாலுமிகளுக்குள் ஐம்பது வருடத்துக்கும் மேலாகச் சண்டை. 1968-ல் நடந்த முதல் கோல்டன் குளோப் பந்தயத்தில் ஒன்பது பேர் கிளம்பி ஒருவர் மட்டும் முடித்தார்: ராபின் நாக்ஸ்-ஜான்ஸ்டன், 312 நாளில். அவருடைய 'சுஹைலி' பம்பாயில் தேக்கில் கட்டிய படகு. 'தூரியா' அதன் நகல்தான். அவர் பெருங்காற்றில் பின்பக்கம் நீளமான கயிறுகளை இழுபடவிட்டு, படகின் வேகத்தைக் குறைத்து, முதுகை அலைக்குக் காட்டி நகர்வார். அதே பந்தயத்தில் வந்த பிரெஞ்சுக்காரர் பெர்னார்டு மொய்த்தெசியே நேர்மாறு. கயிற்றை வெட்டி எறி, வேகமாகப் போ, அலையைக் கொஞ்சம் கோணலாக வாங்கு என்பது அவர் கட்சி. அவர் பந்தயத்தையே விட்டுவிட்டுத் தஹிதிக்குப் போய்விட்டது தனிக்கதை.

யார் சரி? 2018 பந்தயத்தில் சூசி குடால் என்ற பிரிட்டிஷ் மாலுமி, படகின் வேகத்தைக் குறைக்கும் இழுவைக் குடையைப் பின்னால் கட்டித்தான் போனார். டிசம்பர் 5 அன்று பசிபிக்கில் அந்தக் கயிறு அறுந்து, படகு முன்பக்கமாகக் குப்புற விழுந்தது. அவரைச் சரக்குக் கப்பல் ஒன்று மீட்டது. டோமி சிக்கிய அதே புயலில் அயர்லாந்தின் கிரெகர் மெகுகினுக்கும் பாய்மரம் போயிற்று. அவர் ஒட்டுப்போட்ட பாயோடு டோமியை நோக்கி நகர முயன்றார். அந்தப் பந்தயத்தில் கிளம்பிய 18 பேரில் முடித்தவர்கள் ஐந்தே பேர். வென்றவர் 73 வயது ழான்-லுக் வான் டென் ஹேட். அவர் படகும் ஒருமுறை அடிபட்டுப் பாய்மரம் ஆட்டம் கண்டது. நடுக்கடலில் ஏறி ஏறிச் சரிசெய்தார். எந்த முறையும் எல்லாப் புயலுக்கும் பொருந்துவதில்லை என்பதைத்தான் இந்தப் பட்டியல் சொல்கிறது. டோமி முதுகெலும்பில் டைட்டானியத்தோடு 2022-ல் மறுபடி அதே பந்தயத்துக்குப் போய், 236 நாளில் இரண்டாவதாக வந்தார். அந்த முறை விதிப்படி முழுச்சுற்றையும் முடித்தவர்கள் மூவர் மட்டுமே. முதலில் வந்தவர் தென்னாப்பிரிக்கப் பெண் கிர்ஸ்டன் நாய்ஷேஃபர்.

நம் கடற்கரைக்கு வருவோம். கடல் என்று எழுதத் தொடங்கினால் ராஜேந்திர சோழனைக் கூப்பிடாமல் தமிழில் கட்டுரை முடிவதில்லை. இன்று அவருக்கு ஓய்வு கொடுத்துவிட்டு, அவரைவிடக் கடலை நெருக்கமாக அறிந்த ஒன்றைப் பார்க்கலாம்: கட்டுமரம்.

சோழமண்டலக் கரைக்கு இயற்கைத் துறைமுகம் கிடையாது. நேரான மணல் கரை, அதற்கு முன்னால் மணல்திட்டு, அதன்மேல் உடையும் அலை. மாமல்லபுரத்தை ஒட்டிய தேவனேரியிலோ கொக்கிலமேட்டிலோ கடலுக்குப் போகிற மீனவர், தெற்குப் பெருங்கடல் மாலுமி எப்போதாவது சந்திக்கிற உடையும் அலையைத் தினமும் போகும்போது ஒருமுறை, வரும்போது ஒருமுறை கடக்கிறார். அலை அதன் உயரத்தைப்போல் ஒன்றேகால் மடங்கு ஆழத்துக்கு வந்ததும் உடைந்துவிடும். அங்கே ஏரா வைத்த படகுக்கு வேலையில்லை. ஏரா மணலில் குத்தி நின்றுவிடும், அடுத்த அலை படகைப் புரட்டிவிடும். ஆகவே இந்தக் கரை வேறு விடை கண்டுபிடித்தது. லேசான மரங்களைச் சேர்த்துக் கட்டிவிட்டால் அதில் தண்ணீர் நிரம்ப உள்ளே இடமே இல்லை. அலை மேலேறும், மரங்களுக்கு இடையே வழிந்துவிடும். கவிழ்ந்தாலும் எது மேல், எது கீழ் என்ற கவலை அதிகமில்லை. புரட்டிப்போட்டு மறுபடி ஏறிக்கொள்ளலாம். மூழ்கவே முடியாத ஒன்றுக்கு நிமிரும் வித்தை எதற்கு?

இன்னொரு விடையும் இங்கே இருந்தது. துறைமுகம் இல்லாத காலத்து மதராஸில் கப்பல் நடுக்கடலில் நிற்கும். ஆட்களையும் சரக்கையும் கரை சேர்த்தவை மசூலாப் படகுகள். ஆணி அடிக்காமல் பலகைகளைக் கயிற்றால் தைத்தவை. அலை அடித்தால் விறைத்து நின்று உடையாமல் வளைந்து கொடுக்கும். பக்கத்திலேயே கட்டுமரக்காரர்கள் வருவார்கள், தண்ணீரில் விழுந்தவர்களை எடுக்க. பின்னர் கல்லைக் கொட்டித் துறைமுகம் கட்டினார்கள். முடியும் தறுவாயில் 1881 நவம்பர்ப் புயல் அந்தக் கற்சுவர்களைச் சின்னாபின்னமாக்கியது. தைத்த படகு வளைந்து தப்பிய அலையில் கல் தப்பவில்லை.

இன்று மாமல்லபுரத்து மணலில் வரிசையாக நிற்பவை ஃபைபர் போட்டுகள். சுனாமிக்குப் பிறகு இந்தக் கரையெங்கும் அவை பெருகின. வேகம் உண்டு, தூரம் போகலாம், வலையும் மீனும் அதிகம் ஏற்றலாம். கட்டுமரத்துக்குத் திரும்புங்கள் என்று ஏ.சி. அறையில் உட்கார்ந்து சொல்வது அபத்தம். ஆனால் ஒன்றைக் கவனிக்க வேண்டும். தட்டையான அடி, திறந்த வயிறு, ஏராவின் கனம் இல்லை. நெடும்பயணப் படகின் நிமிரும் குணமும் இதற்கு இல்லை, கட்டுமரத்தின் மூழ்காத குணமும் முழுதாக இல்லை. படகுக்குள் நுரை அடைத்த அறைகள் சரியாக இருந்தால் கவிழ்ந்தபின் மிதக்கும், பிடித்துக்கொள்ளலாம். அவ்வளவுதான் அது தரும் உத்தரவாதம். மீதியை உயிர்க்கவச உடைதான் தர வேண்டும். வேலைக்கு இடைஞ்சல், வேர்க்கிறது என்று பலர் அதைப் போடுவதில்லை. பழைய கலம் தந்த பாதுகாப்பை எடுத்துக்கொண்டு புதிய கலத்தைக் கொடுத்தவர்கள், போட்டுக்கொண்டே வலை இழுக்கத்தக்க உடையையும் சேர்த்துக் கொடுத்திருக்க வேண்டும்.

ஆற்று முகத்துவாரங்களில் இந்தக் குறை இன்னும் பெரிதாகத் தெரியும். செங்கல்பட்டுக்கும் படாளத்துக்கும் இடையே நாம் பாலத்தில் கடக்கும் பாலாறு வாயலூர் அருகே கடலில் விழுகிறது. வருடத்தில் பெரும்பாலான நாள் மணல்தான். 2021 நவம்பரில் போல வெள்ளம் புரளும்போது பாருங்கள்: வெளியே போகும் தண்ணீரும் உள்ளே வரும் அலையும் மோதும். எதிர்நீரோட்டத்தில் அலையின் நீளம் சுருங்கி, உயரம் கூடி, செங்குத்தாகி உடையும். தென்னாப்பிரிக்காவின் கிழக்குக் கரையில் அகுல்லாஸ் நீரோட்டத்துக்கு எதிரே காற்று வீசும்போது பெரிய கப்பல்களையே முறிக்கும் அலைகள் பிறப்பதும் இதே விதியால்தான். அளவு வேறு, கணக்கு ஒன்று.

நமக்குப் பக்கத்து ஊர்க்காரர் ஒருவர் அந்தத் தெற்குக் கடலை அண்மையில் கடந்து வந்திருக்கிறார். புதுச்சேரியைச் சேர்ந்த லெப்டினன்ட் கமாண்டர் ரூபா அழகிரிசாமி. கோழிக்கோட்டுக்காரரான லெப்டினன்ட் கமாண்டர் தில்னாவோடு 2024 அக்டோபர் 2 அன்று கோவாவிலிருந்து 'தாரிணி'யில் புறப்பட்டார். பதினேழு மீட்டர் படகு, இரண்டே பேர். ஆஸ்திரேலியா, நியூசிலாந்து, ஃபாக்லாந்து தீவுகள், கேப் டவுன் என்று நான்கு இடங்களில் மட்டும் நின்றார்கள். நியூசிலாந்துக்கும் ஃபாக்லாந்துக்கும் இடைப்பட்ட பசிபிக் பகுதிதான் கொடுமையானது. காற்று மணிக்கு 90 கிலோமீட்டரைத் தொட்டது. 2025 பிப்ரவரி 15 அன்று கேப் ஹார்ன் முனையைச் சுற்றினார்கள். மே 29 அன்று கோவாவுக்குத் திரும்பினார்கள்.

வீரம் என்ற சொல்லை இங்கே கொஞ்சம் ஒதுக்கி வைத்தால் அந்த எட்டு மாதத்தின் உண்மையான வேலை தெரியும். ஒருவர் தூங்கும்போது மற்றவர் விழித்திருக்க வேண்டும். காற்று ஏறுவதற்கு முன்பே பாயைச் சுருக்க வேண்டும். ஏறியபின் சுருக்கப் போனால் கை போகும். மேல்தளத்தில் கால் வைக்கும் முன் இடுப்பு வாரைப் படகோடு மாட்ட வேண்டும். கரையிலிருந்து வரும் வானிலைக் கணிப்பைப் பார்த்து, புயலின் மோசமான பக்கத்தை விட்டு விலகிப் போக வேண்டும். 1968-ல் நாக்ஸ்-ஜான்ஸ்டனுக்கு இல்லாதது இந்தக் கடைசி வசதிதான். கடலில் பாதுகாப்பு கூடியிருப்பதற்குப் படகைவிட முன்னறிவிப்பே பெரிய காரணம் என்பது என் எண்ணம்.

அந்தத் தெற்குப் புயல்கள் அங்கேயே முடிந்துபோவதும் இல்லை. காற்று நின்றாலும் அது எழுப்பிய அலை பயணத்தைத் தொடரும். குட்டி அலைகள் வழியிலேயே செத்துவிடும். நீண்ட அலைகள் ஆற்றலை அதிகம் இழக்காமல் ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் போகும். வால்டர் மங்க் என்ற அமெரிக்கக் கடலியலாளரும் அவருடைய குழுவினரும் 1963-ல் நியூசிலாந்திலிருந்து அலாஸ்கா வரை பசிபிக்கில் கருவிகளை வைத்து, அண்டார்டிகா பக்கத்துப் புயல்களின் அலைகளைக் கடல் முழுக்கத் தொடர்ந்து போய் அளந்தார்கள். அதற்கும் முன்னால் மெக்சிகோ கரையோரத் தீவொன்றில் அவர் அளந்த சில அலைகள், கணக்குப் போட்டுப் பார்த்தபோது, இந்தியப் பெருங்கடலில் பிறந்தவையாக இருந்தன.

16 விநாடி இடைவெளி கொண்ட நெடிய அலைக்கூட்டம் நாளொன்றுக்கு ஆயிரம் கிலோமீட்டருக்கு மேல் நகரும். ஆம்ஸ்டர்டாம் தீவுப் பக்கம் புயல் வீசினால் ஐந்தாறு நாளில் அது இந்தியக் கரையைத் தொடும். ஆழ்கடலில் அது பெரும்பாலும் தாழ்வாகத்தான் இருக்கும்; மீனவர் படகு அதை உணரவே உணராது. ஆழம் குறையும் இடத்தில் அது மெதுவாகி, நெருங்கி, எழும்பும். வானம் தெளிவாக இருக்கும், காற்று அசையாது, கடல் மட்டும் திடீரென்று கரையேறும். கேரளக்காரர்கள் இதைக் கள்ளக்கடல் என்பார்கள். குமரி மாவட்டக் கரை இதை நேராக வாங்குகிறது. 2024 மே 6 அன்று அங்கே லெமூர் கடற்கரையில் ஐந்து மருத்துவ மாணவர்களைக் கடல் இழுத்துக்கொண்டது. அந்த நாள்களுக்கு அலை எச்சரிக்கை முன்பே விடப்பட்டிருந்தது. செங்கல்பட்டுக் கரைக்கு இலங்கை ஓரளவு மறைப்பாக நிற்கிறது. ஆனாலும் தென்கிழக்கிலிருந்து வளைந்து வரும் அலை இங்கேயும் சேரும். 2025 ஆகஸ்டில் ஆசிய அலைச்சறுக்குப் போட்டியை மாமல்லபுரத்தில் நடத்தியதும், அதில் இந்திய வீரர் ரமேஷ் புதியால் வெண்கலம் வென்றதும் இந்த அலைகளால்தான்.

இந்த அலைகளை ஹைதராபாத்தில் இருக்கும் இன்காய்ஸ், அதாவது தேசியப் பெருங்கடல் தகவல் சேவை மையம், முன்கூட்டிக் கணித்துச் சொல்கிறது. புதுச்சேரிக்கு எதிரே உட்பட நாட்டின் கரையோரம் அலை அளக்கும் மிதவைகளை வைத்திருக்கிறது. அதன் அறிவிப்பைப் படிக்கும்போது ஒரு நுணுக்கம் தெரிந்திருக்க வேண்டும். 'அலை உயரம் 2.5 மீட்டர்' என்றால் எல்லா அலையும் இரண்டரை மீட்டர் என்று பொருளல்ல. அதுதான் உச்சம் என்றும் பொருளல்ல. உயரமான மூன்றில் ஒரு பங்கு அலைகளின் சராசரி அது. சில மணி நேரம் காத்திருந்தால் அதைப்போல் இரண்டு மடங்கு, அதாவது ஐந்து மீட்டர் அலை ஒன்று வரக்கூடும். அலைகள் கூட்டம் கூட்டமாக வருவதால் நடுவே பத்து நிமிடம் கடல் சாதுவாகத் தெரியும். மீனவர் அந்த இடைவெளியைப் பார்த்துப் படகைத் தள்ளுவார். அவருக்கு அடுத்த கூட்டம் எப்போது என்று தெரியும். வாரக்கடைசிக்கு வந்தவருக்குத் தெரியாது.

தெற்குப் பெருங்கடலில் புயல்கள் வலுக்கும் பருவமும் நம் கோடை விடுமுறையும் ஒரே சமயத்தில் வருகின்றன. மே, ஜூனில் மாமல்லபுரத்துக்கோ கோவளத்துக்கோ கிளம்பும் முன் அன்றைய அலை எச்சரிக்கையைப் பாருங்கள். எச்சரிக்கை இருந்தால், காற்றே இல்லையே என்று நம்பிக் குழந்தைகளைத் தண்ணீரில் இறக்காதீர்கள். கடலில் யாராவது சிக்கினால் கடலோரக் காவல் படையின் இலவச எண் 1554. இப்போதே கைப்பேசியில் பதிந்து வைத்துக்கொள்ளுங்கள்.